பந்து கைக்கு வரும் முன்பே மறியுங்கள்

யாழ்ப்பாணத்தில் 19 வயதுக்குட்பட்ட பாடசாலைக் கூடைப்பந்து அணியொன்றைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: "எதிரணியில் பந்தை நடத்திச் செல்லும் பொயின்ட் கார்ட் தனி ஆளாகவே எங்களைத் தோற்கடிக்கிறான். ஒருவரை விட்டால் தாண்டிப் போகிறான், இரண்டு பேரை அனுப்பினால் பாஸ் கொடுத்துவிடுகிறான். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.யில் இப்படியானவர்களை எப்படி மறிக்கிறார்கள்? எங்கள் பெடியளுக்கு அதில் எது சரிவரும்?"

சேர், அவன் எத்தனை புள்ளி எடுக்கிறான் என்று எண்ணுவதை முதலில் விடுங்கள். 2019 என்.பி.ஏ. இறுதித் தொடரின் 3ஆவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டீபன் கர்ரி 47 புள்ளிகள் எடுத்தார். ஆனாலும் கனடாவின் ரொறன்ரோ அணிதான் 123-109 என்று வென்றது. அவரது அணியின் டுரான்டும் தொம்ப்சனும் காயத்தால் ஆடவில்லை, கர்ரிக்குத் துணை போதவில்லை.

கனடாவில் உறவு இல்லாத வீடு இங்கே குறைவு. அந்தத் தொடரை விடியற்காலையில் எழும்பிப் பார்த்தவர்களுக்கு 2ஆவது ஆட்டம் ஞாபகம் இருக்கும். கடைசிக் கால்பகுதியில் ரொறன்ரோ பயிற்றுநர் நிக் நர்ஸ் தன் வீரர் நால்வரைச் சதுரமாக நிறுத்தி, வான்வ்லீட்டை மட்டும் கர்ரியோடு ஒட்டவிட்டார். ஐந்து நிமிடத்துக்கு மேல் கோல்டன் ஸ்டேட்டுக்கு ஒரு புள்ளியும் இல்லை. ஆனால் கடைசிச் செக்கன்களில், காவல் இல்லாமல் நின்ற கோல்டன் ஸ்டேட்டின் இகுவடாலா மூன்று புள்ளி அடித்து, 109-104 என்று ஆட்டத்தைத் தன் அணிக்கு முடித்துக் கொடுத்தார். ஆகவே இந்த முறையை எடுக்கும் முன், எதிரணியில் தூரத்திலிருந்து அடிக்கக்கூடிய இன்னொருவன் இருக்கிறானா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம். இல்லையென்றால் உங்களுக்கு இது என்.பி.ஏ.யைவிட நன்றாகவே வேலைசெய்யும். அங்கே காவல் வீரர் யாரையும் மறிக்காமல் கூடைக்கு முன்னே மூன்று செக்கனுக்கு மேல் நிற்க முடியாது. நாங்கள் ஆடும் ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதியில் அந்தத் தடை இல்லை. உங்கள் உயரமான பெடியனைக் கீழேயே நிறுத்தலாம்.

இரண்டு பேரை அனுப்புவது பிழையில்லை. எங்கே அனுப்புகிறீர்கள் என்பதுதான் விஷயம். நடுவில் மடக்கினால் அவனுக்கு நாலு பக்கமும் வழி. நடுக்கோட்டைத் தாண்டியவுடன், பக்கக்கோட்டு ஓரத்தில் மடக்குங்கள். திரும்பிப் போனால் விதிமீறல், வெளியே கால் வைத்தால் பந்து உங்களுக்கு. இரண்டு கோடுகளும் உங்களுக்காகக் காவல் நிற்கின்றன.

அப்புறம் அவன் பாஸ் கொடுப்பான், கொடுக்கட்டும். பெரும்பாலான அணிகள் தவறுவது அதற்கடுத்த செக்கனில்தான். மறித்த இருவரும் பந்தைத் திரும்பிப் பார்ப்பார்கள், அவன் நாலு எட்டு ஓடி அதை மறுபடி வாங்கிவிடுவான். பாஸ் போனதும் ஒருவன் அவனை நோக்கியே நிற்க வேண்டும். நெஞ்சு அவன் பக்கம், ஒரு கை பந்து வரும் பாதையில், பந்துக்குக் கடைக்கண் பார்வை போதும். ஒரு தாக்குதலுக்குக் கிடைக்கும் 24 செக்கனில் பத்துச் செக்கன் அவன் கையில் பந்து இல்லாவிட்டால், முடிவெடுப்பது இன்னொருவன். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

அவனுடைய கூட்டாளி உங்கள் காவல் பெடியனின் வழியில் நின்று ஸ்கிரீன் வைத்தால்? அவன் தூரத்திலிருந்து நன்றாக அடிப்பவன் என்றால் ஸ்கிரீனுக்கு மேலால், அவனோடு ஒட்டியபடி துரத்துங்கள், இல்லையென்றால் கீழால், கூடைப் பக்கமாகப் போய் எதிரே நில்லுங்கள். பெடியன் களத்தில் யோசிக்கக்கூடாது, இதை முதல் நாளே முடிவுசெய்து சொல்லிவிடுங்கள்.

பந்தைத் தட்டக் கை நீட்டுவதை உடனே நிறுத்துங்கள். இங்கே ஐந்து ஃபவுலுடன் வெளியே, என்.பி.ஏ.யில்தான் ஆறு. கண் அவன் இடுப்பில் இருக்கட்டும், தோளும் தலையும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. உள்ளங்கை மேலே பார்த்தபடி இருந்தால் மேலிருந்து அடித்து ஃபவுல் வாங்குவது குறையும். எங்கள் வெயிலில் ஒருவனே முழு ஆட்டமும் துரத்த முடியாது. மூன்று பேரைப் பழக்கி, நாலு நாலு நிமிடமாக மாற்றுங்கள்.

பயிற்சிக்கு ஒன்று: உங்கள் சிறந்த ஆட்டக்காரனை அந்தப் பெடியனாக ஆடவிட்டு, ஐவருக்கு ஐவர் விளையாட வையுங்கள். அவன் கையைவிட்டுப் போன பந்து திரும்ப அவனிடம் வந்தால், காவல் அணி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடர்ந்து ஐந்து தடவை வராமல் தடுத்த பிறகுதான் தண்ணீர்.