மிச்சமிருக்கும் நாலு நிமிஷம்

வணக்கம் ஐயா,

எனக்கு 47 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வேலை நேரம் முழுக்கக் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் எல்லாமே 1978-க்கும் 1992-க்கும் இடையில் வந்த இளையராஜா பாடல்கள். அதற்கு முந்தியதென்றால் வீட்டில் ரேடியோவில் கேட்ட எம்.எஸ்.வி. பாட்டுகள், அவ்வளவுதான். போன மாதம் கல்லூரியில் படிக்கும் என் மகள், "நீங்க கேட்கிறதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பாட்டுதானேப்பா" என்றாள். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. நண்பர் சொன்னார் என்று ஒரு சிம்பொனி கேட்டுப் பார்த்தேன், பத்து நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை. கர்நாடகக் கச்சேரி என்றால் ராகம் தெரியாத தவிப்பு. கட்டாயம் கேட்க வேண்டிய நூறு என்று ஒரு பட்டியல் தருவீர்களா? பழசு, புதுசு, உள்ளூர், வெளிநாடு எதுவானாலும் சரி.

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

நூறு வேண்டாம். நாலு தருகிறேன். ஏன் நாலு என்று சொல்வதற்கு ஒரு கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கேசட்டில் பாட்டு பதிந்து தரும் கடை ஒன்று இருந்தது. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். மூன்று நாளில் கிடைக்கும். 60 கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். ஆறு பாட்டு போனபின் மூன்று, நாலு நிமிஷம் மிஞ்சும். மற்ற கடைகளில் அதை வெறுமனே விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் ஏழாவது பாட்டைப் பாதியில் அறுத்துவிடுவார்கள். எங்கள் கடை அண்ணன் அந்த இடத்தில் நாம் கேட்காத ஒன்றைப் பதிந்து தருவார். அதற்குக் காசு வாங்கமாட்டார். அட்டையில் பெயரும் எழுதமாட்டார். "யாருண்ணே அது?" என்று நாம் திரும்பிப் போய்க் கேட்டால்தான் சொல்வார்.

எனக்கு எஸ்.ஜி.கிட்டப்பா கிடைத்தது அப்படித்தான். பழைய 78 இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துச் சொச்சம்தான் ஓடும், அதனால் மிச்ச இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. 'எவரனி'. அப்போது எனக்குப் பதினைந்து வயது. தியாகராஜர் கீர்த்தனை என்றோ, தேவாமிர்தவர்ஷிணி ராகம் என்றோ தெரியாது. பாடியவர் 1933-இல் 27 வயதில் இறந்துபோனவர் என்பதும் தெரியாது. தட்டின் கரகரப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மேலே போய்க்கொண்டே இருந்தது. மைக் இல்லாத நாடக மேடையில், கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடிப் பழகிய குரல். பேட்டரி தீர்ந்துவிடும் என்று பேனாவை விட்டுச் சுற்றிச் சுற்றி நாடாவைப் பின்னுக்குக் கொண்டுவந்து அதையே கேட்டேன்.

அந்த அண்ணன் ஒன்றுதான் கொடுத்தார். அதுவும் என் பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு, என்னால் எட்டிப் பிடிக்க முடிந்த ஒன்றை. ஒரே தடவையில் பத்து கொடுத்திருந்தால் கிட்டப்பாவை நான் தாண்டிப் போயிருப்பேன். நீங்களும் ஒரு பட்டியல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதன் கடைசியில் மிச்சமிருக்கும் இடத்தில் நான் பதிகிறேன்.

முதலில் அந்த ராகத் தவிப்பு. உங்களுக்கு ராகம் தெரியும், பெயர்தான் தெரியாது. 1967-இல் வந்த 'மாதவிப் பொன்மயிலாள்' பாட்டை ரேடியோவில் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? அது கரகரப்ரியா. அந்தப் பாட்டை ஒரு தரம் வாய்விட்டு முணுமுணுத்துவிட்டு, ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் நியூயார்க்கில் பதிவு செய்த 'சோ வாட்' கேளுங்கள். ஜாஸ் என்னும் அமெரிக்க இசை. ஒன்பது நிமிஷத்துச் சொச்சம். அதில் புழங்குவது கரகரப்ரியாவின் அதே ஏழு சுரங்கள். சுரங்களை அசைத்துப் பாடும் கமகம் கிடையாது, நம் ராக நடையும் கிடையாது, அதனால் அதைக் கரகரப்ரியா என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உங்கள் காது அந்த வீட்டில் ஏற்கெனவே குடியிருந்திருக்கிறது.

பியானோவும், கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் என்ற தந்தி வாத்தியமும் தயங்கித் தயங்கி ஆரம்பிக்கும். பிறகு பேஸ் ஒரு கேள்வி கேட்கும், பியானோ இரண்டே அடியில் பதில் சொல்லும். அடுத்து அந்தப் பதிலை ஊதுகருவிகள் வாங்கிக்கொள்ளும். நாலு அடி ஒரு ஆவர்த்தனம் என்று வைத்து, தாளத்தை மட்டும் பதினாறு ஆவர்த்தனம் எண்ணுங்கள். அது முடிந்ததும் மொத்தமும் சுருதியில் இரண்டு கட்டையிலிருந்து இரண்டரைக் கட்டைக்கு ஏறும். எட்டு ஆவர்த்தனம் அங்கே இருந்துவிட்டு மறுபடி இறங்கும். ஒருவர் மாற்றி ஒருவர் தனியாக வாசிக்கும்போதும் இந்தக் கணக்கு மாறாமல் வந்துகொண்டே இருக்கும். இந்த ஏற்ற இறக்கம் பிடிபட்ட நாளில் நான் அறைக்குள் எழுந்து நின்றுவிட்டேன். உங்களுக்கும் அது நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அந்தப் பதிவு நடந்தது 30-வது தெருவில் ஒரு பழைய தேவாலயத்தை மாற்றிக் கட்டிய ஸ்டூடியோவில். அடுத்த பரிந்துரையும் அதே கூடத்திலிருந்துதான். 1955-இல், 22 வயது க்ளென் கூல்ட் அங்கே உட்கார்ந்து ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பெர்க் மாறுபாடுகளைப் பியானோவில் வாசித்தார். பாக் அதை அச்சிட்டது 1741-இல். முதலில் ஒரு சிறிய மெட்டு, அப்புறம் முப்பது மாறுபாடுகள், கடைசியில் மறுபடி அந்த மெட்டு. மாறுபாடு என்றால் மேலே ஓடும் மெட்டை மாற்றுவதோடு நிற்பதில்லை. அடியில் ஓடும் கீழ்க்குரல் வரியைப் பிடித்துக்கொண்டு மேலே முழுக்கப் புதிதாகக் கட்டுகிறார் பாக். இளையராஜாவின் பாட்டில் பேஸ் கிட்டாரைத் தனியாகக் கவனித்துப் பழகியவருக்கு இது புரியாமல் போகாது. 1986-இல் இளையராஜா தன் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்தார். நீங்கள் இத்தனை வருஷமாக நின்றுகொண்டிருக்கும் தெருவிலேயேதான் பாக்கின் வீடும் இருக்கிறது.

முழுசாகக் கேட்க வேண்டியதில்லை. முதல் மெட்டை மட்டும் கேளுங்கள், இரண்டு நிமிஷம்கூட ஆகாது. கேட்டுவிட்டு, 1981-இல் அதே கூல்ட் அதே ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்து வாசித்த பதிவில் அதே மெட்டைக் கேளுங்கள். மூன்று நிமிஷம் எடுத்துக்கொள்கிறார். சுரங்களில் எந்த மாற்றமும் இல்லை, ஆனால் ஒவ்வொன்றையும் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். பின்னணியில் அவர் முனகுவதும் கேட்கும். அடுத்த வருஷம் அக்டோபரில், ஐம்பது வயதில் இறந்துவிட்டார். சிம்பொனியில் நூறு பேர் ஒரே நேரத்தில் பேசியதால் உங்களுக்குத் திணறியிருக்கும். இங்கே ஒரே ஆள், ஒரே வாத்தியம்.

மூன்றாவதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் குரல் தழுதழுக்கும். ப்ளைண்ட் வில்லி ஜான்சன் என்று டெக்ஸாஸில் ஒரு கறுப்பினப் பாடகர், கண் பார்வையற்றவர். 1927 டிசம்பரில் டாலஸ் நகரில் பதிந்த மூன்று நிமிஷத் துண்டு. தலைப்பு 'டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்'; 'இருள் சூழ்ந்த இரவு, குளிர்ந்த தரை' என்பது அதன் பொருள். கெத்செமனே தோட்டத்தில் கிறிஸ்து கழித்த கடைசி இரவைப் பற்றிய பழைய துதிப்பாடலின் வரி அது. ஆனால் பதிவில் ஒரு சொல்கூட இல்லை. கிட்டார் கம்பிமேல் வழுக்கி வழுக்கிப் போகிறது, குரல் அதன் பின்னால் ம்ம் என்றும் ஆ என்றும் விம்மிக்கொண்டே போகிறது. சொல் இல்லாமல் குரல் தனியாக நடப்பதற்கு நம்மிடம் ஆலாபனை என்று பெயர் இருக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த ஊரில் பிறந்தவருக்கு ஜான்சனைப் புரிந்துகொள்ள ஆங்கிலம்கூடத் தேவைப்படாது. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் பொன்முலாம் பூசிய தட்டில் உலகத்தின் இசை 27 துண்டுகளாக ஏற்றி அனுப்பப்பட்டபோது இதுவும் போனது. இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கரின் பைரவியும் அதே தட்டில் இருக்கிறது, இந்தியாவிலிருந்து போனது அது ஒன்றுதான். இரண்டையும் அடுத்தடுத்து, இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். வேலைக்கு நடுவில் மட்டும் வேண்டாம்.

நாலாவது, டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. நாகசுரம் நமக்குக் கல்யாண மண்டபத்துச் சத்தமாகிவிட்டது, பந்தியில் கை கழுவும்போது காதில் விழுவது. ஜான்சனைக் கேட்ட மறுநாள் இதைக் கேளுங்கள். எது எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அவர் ஒரு சுரத்தில் போய் நிற்கும்போது மூச்சு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

மகள் சொன்னதற்காக வருத்தப்படாதீர்கள். தெரிந்த பாட்டைத் திரும்பக் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை, நானும் தினமும் கேட்கிறேன். அவளிடம் ஒரே ஒரு பாட்டு கேளுங்கள். அது ஏன் பிடிக்கும், எந்த இடத்தில் பிடிக்கும் என்று சொல்லச் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

அப்புறம், எனக்கு நீங்கள் ஒன்று தர வேண்டும். உங்கள் கொங்குப் பக்கத்தில் உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை பாடுவார்கள். ராத்திரி ராத்திரியாக நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நேரில் கேட்க வாய்க்கவில்லை. நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவர்களோ கேட்டிருந்தால், எந்தக் கட்டத்தைக் கேட்க நான் வர வேண்டும் என்று எழுதுங்கள்.

அன்புடன்.