விர்ச்சுவல் மெஷின் ரொம்ப ஸ்லோ, புது சிபியு வாங்கணுமா?

கேள்வி: அண்ணா, வீட்டுல இருக்கறது டெஸ்க்டாப், ஐ5 10400, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 11 ஹோம். காலேஜ் லேபுக்காக வர்ச்சுவல்பாக்ஸ்ல (விண்டோஸுக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர், அதாவது விர்ச்சுவல் மெஷின் ஓட்டற சாஃப்ட்வேர்) உபுண்டு லினக்ஸ் போட்டேன், ஆன் ஆகவே 10 நிமிஷம் ஆகுது, டைப் பண்ற எழுத்துகூட லேட்டாதான் வருது. கடைல கேட்டா போர்டோட சேர்த்து ஐ7க்கு மாத்திடுங்கன்னு சொல்றாங்க. அப்பாகிட்ட காசு கேக்கலாமா?

பதில்: இப்ப கேக்காதீங்க தம்பி. உங்க ப்ராசஸர்ல 6 கோர், 12 த்ரெட் இருக்கு, லேபுக்கு ஒரு உபுண்டு ஓட்ட இதுவே தாராளம். இதே ஹார்ட் டிஸ்க்க வச்சுக்கிட்டு ஐ7 போட்டீங்கன்னா காசு போனதுதான் மிச்சமாகும், ஸ்பீடு வராது.

காசு செலவில்லாத செக் முதல்ல. உபுண்டு ஓடிட்டு இருக்கும்போதே அந்த விண்டோவோட கீழ வலது ஓரத்துல சின்னச் சின்ன ஐகான் வரிசையா இருக்கும், அதுல பச்சைக் கலர்ல ஆமை படம் தெரியுதா பாருங்க. தெரிஞ்சா, ப்ராசஸர்ல இருக்கற விர்ச்சுவலைசேஷன் வசதிய (விர்ச்சுவல் மெஷின வேகமா ஓட்டறதுக்கான வசதி) விண்டோஸோட சொந்த விர்ச்சுவல் மெஷின் அடுக்கான ஹைப்பர்-வி பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம், வர்ச்சுவல்பாக்ஸ் நேரா அதத் தொட முடியாம ஹைப்பர்-வி வழியாத்தான் போகுது, அங்கதான் அடி வாங்குது. விண்டோஸ் செக்யூரிட்டில டிவைஸ் செக்யூரிட்டி, அதுக்குள்ள கோர் ஐசோலேஷன் போய் மெமரி இன்டக்ரிட்டிய ஆஃப் பண்ணுங்க, அப்புறம் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் லிஸ்ட்ல 'விர்ச்சுவல் மெஷின் ப்ளாட்ஃபார்ம்' டிக்க எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. டாக்கரோ டபிள்யூஎஸ்எல் 2வோ (விண்டோஸ்க்குள்ள லினக்ஸ் ஓட்டற வசதி) வச்சிருந்தா அது நின்னுடும், பாத்துக்கோங்க. இன்னொன்னு, மெமரி இன்டக்ரிட்டி நிஜமாவே ஒரு பாதுகாப்பு, அதே சிஸ்டத்துல வீட்டுல நெட் பேங்கிங் பண்றாங்கன்னா லேப் வேலை முடிஞ்சதும் மறக்காம திரும்ப ஆன் பண்ணிடுங்க.

ஆமை இல்லன்னாலோ, போயும் ஸ்லோவாவே இருந்தாலோ, உபுண்டுவ ஆன் பண்ணிட்டு விண்டோஸ் பக்கம் வந்து கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அடிங்க, டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபாமன்ஸ் டேப்ல டிஸ்க் 100 சதவீதத்துலயே நிக்குதா? உங்க கேஸ்ல நிக்கும்னுதான் நினைக்கிறேன். விண்டோஸ் 11க்கே குறைஞ்சது 4 ஜிபி வேணும், உபுண்டு டெஸ்க்டாப்பும் 4 ஜிபியோ அதுக்கு மேலயோ கேக்கும், க்ரோம் வேற திறந்து வச்சிருப்பீங்க, ரேம் பத்தாம போனதும் விண்டோஸ் மிச்சத்த டிஸ்க்ல எழுத ஆரம்பிக்கும், அதே நேரத்துல உபுண்டுவும் அதே டிஸ்க்லதான் படிக்கும், ஹார்ட் டிஸ்க்ல படிக்கறதுக்கும் எழுதறதுக்கும் ஒண்ணாவே நகர்ற ஹெட்டுங்கதான் இருக்கு, அது இங்கயும் அங்கயும் ஓடியே நேரம் போயிடுது.

அதனால காசு போடறதுன்னா முதல்ல 500 ஜிபி எஸ்எஸ்டி (நகர்ற பாகமே இல்லாத வேகமான டிஸ்க்), அடுத்து இன்னொரு 8 ஜிபி ரேம். போர்டுல எம்.2 ஸ்லாட் இருந்தா அதுல நேரா சொருகற என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்குங்க, இல்லன்னா கேபிள்ல மாட்டற 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டியே போதும், அதுலயே வித்தியாசம் நல்லாத் தெரியும். விண்டோஸ், உபுண்டு ரெண்டுமே எஸ்எஸ்டில இருக்கணும். உபுண்டுவ மாத்தும்போது ஃபைல வெறுமனே கட் பேஸ்ட் பண்ணாதீங்க, வர்ச்சுவல்பாக்ஸ்லயே மெஷின் மேல ரைட் க்ளிக் பண்ணா மூவ்னு வரும், அது வழியா மாத்துங்க.

வர்ச்சுவல்பாக்ஸ்ல உபுண்டுவோட செட்டிங்ஸ்ல கோர் 2 அல்லது 3 குடுங்க, இருக்கறத எல்லாம் அள்ளிக் குடுத்தா விண்டோஸ் திணறும், அது திணறுனா உபுண்டுவும் திணறும். வீடியோ மெமரி 128 எம்பி வைங்க, கெஸ்ட் அடிஷன்ஸ் (உபுண்டுக்குள்ள போடற வர்ச்சுவல்பாக்ஸோட ட்ரைவர்கள்) போடலன்னா போடுங்க, ஸ்க்ரீன் இழுக்கறது பாதி அதுலயே சரியாகும். எஸ்எஸ்டி வாங்க நாள் ஆகும்னா அதுவரைக்கும் உபுண்டுக்கு பதிலா அதோட லைட் வெர்ஷனான லுபுண்டு போட்டு ஓட்டுங்க, ரேம் கம்மியாத்தான் எடுக்கும்.

வர்ச்சுவல்பாக்ஸ் மாதிரியே இன்னொரு சாஃப்ட்வேரான விஎம்வேருக்கு மாறுன்னு யாராவது சொல்லுவாங்க. 2024 நவம்பர்ல இருந்து விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் ப்ரோ எல்லாருக்கும் ஃப்ரீதான், நல்ல சாஃப்ட்வேர், தாராளமா ட்ரை பண்ணலாம், ஆனா இந்த டிஸ்க்கும் 8 ஜிபியும் அங்கயும் அதே தொல்லையத்தான் குடுக்கும்.

ரேம் வாங்கப் போகும்போது உள்ள இருக்கற ஸ்டிக்கோட லேபிள ஒரு போட்டோ எடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு வேண்டியது டிடிஆர்4, டிடிஆர்5 ஸ்லாட்லயே உக்காராது. 3200 ஸ்பீடுன்னு அதிக விலை சொன்னா வேண்டாம்னுடுங்க, 10400ல சாதாரண போர்டுகள்ல அது 2666லதான் ஓடும்.