கேம், இயந்திரக் கற்றல் இரண்டுக்கும் ஒரே கணினி: 2,500 வெள்ளியை எதில் போடுவது?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு படிக்கிறேன். பகுதிநேர வேலையில் சேர்த்த 2,500 வெள்ளி இருக்கிறது. 1440பி திரை ஏற்கனவே உண்டு. ஒரு கடையில் ரைசன் 7 9800எக்ஸ்3டி, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, நீர்க் குளிர்விப்பான், வண்ண விளக்குகள் கொண்ட கேஸ் எனத் தொகுப்பாக எழுதித் தந்தார்கள். நண்பர் ஒருவர் 5070 கார்டு வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் பழைய 3090 கார்டு தேடச் சொல்கிறார். கேமும் ஆட வேண்டும், சிறிய மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்கவும் வேண்டும். எது சரி? — வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அந்தத் தொகுப்பை வாங்க வேண்டாம். பாகங்கள் நல்லவைதான், ஆனால் பணம் தவறான இடத்தில் இறங்கியிருக்கிறது. 9800எக்ஸ்3டி அருமையான கேம் செயலி. 1080பி திரையில் போட்டி விளையாட்டு ஆடுபவருக்கு செயலிக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற அதிவேக நினைவகம் அதில் கூடுதலாக இருப்பது நன்றாகவே உதவும். உங்களுடையதோ அதைவிட அதிகப் புள்ளிகள் கொண்ட 1440பி திரை. காட்சித் தரத்தைக் கூட்டி ஆடும்போது முதலில் திணறுவது கார்டுதான், செயலி அதற்காகக் காத்திருக்கும். மாதிரியைப் பயிற்றுவிக்கும்போது அந்தக் கேஷால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்காது. இவ்வளவு விலையுள்ள செயலிக்குப் பக்கத்தில் 8 ஜிபி கார்டை வைத்தால் உங்கள் படிப்புக்கு அந்தக் கணினி முதல் நாளிலிருந்தே போதாது.

உங்கள் தேவைக்கு முதலில் முடிவுசெய்ய வேண்டியது கார்டில் எத்தனை ஜிபி நினைவகம் என்பதைத்தான். மற்றப் பாகங்களை அதை ஒட்டித் தேர்ந்தெடுக்கலாம். கேமில் நினைவகம் போதாவிட்டால் டெக்ஸ்ச்சரை ஒரு படி குறைத்துவிட்டு ஆடலாம். பயிற்றுவிக்கும்போது நினைவகம் தீர்ந்தால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும்.

கணக்கைப் பார்ப்போம். அளவுரு என்பது மாதிரி கற்றுக்கொண்டு வைத்திருக்கும் ஓர் எண். 16 பிட் வடிவில் ஓர் அளவுருவுக்கு 2 பைட். 700 கோடி அளவுரு உள்ள மாதிரியை அப்படியே ஏற்ற 14 ஜிபி வேண்டும். 4 பிட்டாகச் சுருக்கினால் 4 முதல் 5 ஜிபிக்குள் அடங்கும். இது கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்கான கணக்கு. முழுமையாகப் பயிற்றுவிக்கும்போது எடைகள் (அளவுருக்கள்தான்), அவற்றை எப்படித் திருத்துவது என்று காட்டும் கிரேடியன்ட்கள், திருத்தத்தைச் செய்யும் ஆடம் ஆப்டிமைசர் வைத்திருக்கும் இரண்டு மதிப்புகள், 32 பிட் பிரதி எல்லாம் சேர்ந்து ஓர் அளவுருவுக்கு ஏறத்தாழ 16 பைட் ஆகிவிடும். அப்படியானால் 100 கோடி அளவுரு மாதிரிக்கே 16 ஜிபி போய்விடுகிறது. இடைநிலை மதிப்புகளுக்கு அதற்கு மேலும் இடம் தேவை. அதனால்தான் வீட்டுக் கார்டு வைத்திருப்பவர்கள் கியூலோரா முறைக்குப் போகிறார்கள். அதில் மூல எடைகளை 4 பிட்டில் அசையாமல் வைத்துவிட்டு, மேலே சேர்க்கும் சிறு அடுக்குகளை மட்டும் பயிற்றுவிக்கிறோம். 700 அல்லது 800 கோடி அளவுரு மாதிரிக்கு இந்த முறை 16 ஜிபியில் தாராளமாக ஓடும். 12 ஜிபியில் பேட்ச் அளவை, அதாவது ஒரே தடவையில் ஊட்டும் எடுத்துக்காட்டுகளின் எண்ணிக்கையை, 1 ஆக்கி, உரை நீளத்தைக் குறைத்து ஓட்டலாம். 8 ஜிபியில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பிரவுசரிலேயே நிரல் ஓட்ட உதவும் கூகுள் கோலாப் சேவை இலவசமாகத் தரும் டி4 கார்டில் 16 ஜிபி இருக்கிறது. அதை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பயிற்சி நோட்புக்குகள் ஏராளம். 5070 போன்ற 12 ஜிபி கார்டு வாங்கினால், இலவசச் சேவையில் ஓடிய நிரல் காசு கொடுத்து வாங்கிய கணினியில் ஓடாமல் போகக்கூடும்.

ஆகவே எங்கள் தேர்வு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி வகை. இதே பெயரில் 8 ஜிபி வகையும் விற்பதால் பில்லில் “16 ஜிபி” என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

5070 பற்றி உங்கள் நண்பர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதன் நினைவக அலைவரிசை, அதாவது தரவு போய்வரும் வேகம், வினாடிக்கு 672 ஜிபி, 5060 டிஐக்கு 448 ஜிபிதான். 1440பி கேமில் 5070 தெளிவாகவே முந்தும். நினைவகத்துக்குள் அடங்கும் மாதிரிகளையும் வேகமாக ஓட்டும். நீங்கள் முக்கால்வாசி நேரம் கேம் மட்டும் ஆடுபவராக இருந்தால் அதையே சொல்லியிருப்போம். படிப்புக்கு வாங்கும்போது, மெதுவாக ஓடினாலும் முடிகிற வேலை, தொடங்கவே முடியாத வேலையைவிட மேல். வேகமும் 16 ஜிபியும் சேர்ந்து வேண்டுமானால் அது 5070 டிஐ. 2,500 வெள்ளிக்குள் அதை அடக்கினால் மற்ற எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டியிருக்கும்.

ஏஎம்டியின் 16 ஜிபி கார்டுகள் கேமுக்கு நல்ல மதிப்புள்ளவை. மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் நிரலகமான பைடார்ச் அவற்றிலும் ஓடும். ஆனாலும் பாட நோட்புக்குகளும் துணை நிரலகங்களும் பெரும்பாலும் கார்டில் நிரல் ஓட்ட என்விடியா தரும் ‘கூடா’ (CUDA) தளத்தை நினைத்தே எழுதப்படுகின்றன. ஒப்படைப்புக்கு முந்தைய இரவில் நிரலகத்தோடு போராட உங்களுக்கு நேரம் இருக்காது.

பழைய 3090-இல் 24 ஜிபி, வினாடிக்கு 936 ஜிபி அலைவரிசை. இயந்திரக் கற்றலுக்கு இன்றும் ஆசைப்படத்தக்க கார்டுதான். ஆனால் 350 வாட் இழுக்கும். நினைவகச் சில்லுகளில் பாதி அட்டையின் பின்பக்கம் இருப்பதால் அங்கே சூடு தங்கிவிடும். வாங்குவதாக இருந்தால் விற்பவர் வீட்டிலேயே 20 நிமிடம் முழுச் சுமையில் ஓட்டச் சொல்லி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் நினைவக வெப்பத்தைப் பாருங்கள். 100 டிகிரியைத் தாண்டி 110-ஐ நெருங்கினால் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடு காய்ந்துபோயிருக்க வாய்ப்புண்டு. அந்த வெப்பத்தில் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சட்டப் பாதுகாப்பும் இதில் குறைவு. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. வணிகரிடம் வாங்கும் பழைய பொருளுக்கும் இது பொருந்தும். கரோசலில் ஒரு தனிநபரிடம் வாங்கினால் பொருந்தாது.

இனி மற்றப் பாகங்கள். கீழே சொல்பவை உச்சவரம்புகள். 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு விலைகள் நிலையாக இல்லை. ரேமையும் எஸ்எஸ்டியையும் வாங்கும் அன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். கார்டுக்கு 900 வெள்ளி, செயலிக்கு 300, மதர்போர்டுக்கு 230, ரேமுக்கு 450, எஸ்எஸ்டிக்கு 250, பவர் சப்ளைக்கு 150, கேஸுக்கு 110, காற்றுக் குளிர்விப்பானுக்கு 60. கூட்டினால் 2,450.

செயலி ரைசன் 5 7600 அல்லது 9600எக்ஸ். இரண்டும் 6 கோர், போர்டில் ஏஎம்5 சாக்கெட்டில் பொருந்துபவை. 7600 பெட்டியில் குளிர்விப்பான் வரும், 9600எக்ஸ் பெட்டியில் வராது. பெயரின் கடைசியில் ‘எஃப்’ உள்ள ரைசனைத் தவிருங்கள், அவற்றில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை. உங்களுக்கு அது பயன்படும். பயிற்றுவிக்கும்போது திரைக் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டால் விண்டோஸும் பிரவுசரும் கார்டின் நினைவகத்தைத் தின்னாமல் இருக்கும். கேமுக்கு மறுபடி கார்டில் செருகிக்கொள்ளலாம். 16 ஜிபியை ஒட்டி நிற்கும் வேலையில் இப்படிக் கிடைக்கும் சில நூறு எம்பியே வேலை ஓடுமா நிற்குமா என்பதைத் தீர்மானித்துவிடும்.

மதர்போர்டு பி650 அல்லது பி850. பி650-ஐ 9600எக்ஸோடு வாங்கினால் போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸ் பழையதாக இருந்து திரையே வராமல் போகலாம். செயலி இல்லாமலே யுஎஸ்பி வழியாகப் புதுப்பிக்கும் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது கார்டைப் பின்னால் சேர்க்கலாம் என்ற கனவில் பெரிய போர்டு வாங்க வேண்டாம். இந்த விலையில் இரண்டாவது ஸ்லாட் நீளமாகத் தெரிந்தாலும் உள்ளே பெரும்பாலும் 4 தரவுத் தடம், சிலவற்றில் ஒரே தடம்.

ரேம் 32 ஜிபி, அதாவது 16 ஜிபி குச்சி இரண்டு, டிடிஆர்5-6000, சிஎல்30 அல்லது 36. கார்டு நினைவகத்தைப் போல் இரு மடங்கு ரேம் இருந்தால் மாதிரிக் கோப்பை ஏற்றும்போது கணினி உறையாது. விலைக்குப் பயந்து ஒரே குச்சியோடு நிறுத்தினால் அலைவரிசை பாதியாகும். பின்னால் இன்னும் இரண்டைச் சேர்த்து நான்காக்குவதும் நல்லதல்ல. ஏஎம்5-இல் நான்கு குச்சி போட்டால் ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகம் 3600-க்கு இறங்கிவிடுகிறது. 64 ஜிபி தேவைப்படும்போது இந்த ஜோடியை விற்றுவிட்டு 32 ஜிபி ஜோடி வாங்குங்கள். வீட்டில் பழைய டிடிஆர்4 குச்சிகள் இருந்தால், ரைசன் 7 5700எக்ஸும் பி550 போர்டும் நல்ல சிக்கன வழி. பி450-க்குப் போகாதீர்கள். 5060 டிஐ 8 தடத்தில் மட்டுமே இயங்கும் கார்டு, அந்தப் போர்டில் கார்டை இணைக்கும் பழைய பிசிஐஇ 3.0-இல் அந்த வழி மேலும் குறுகிவிடும்.

எஸ்எஸ்டி 2 டிபி, நான்காம் தலைமுறை என்விஎம்இ. ஐந்தாம் தலைமுறைக்குக் கூடுதலாகக் கொடுப்பது இந்தக் கணினியில் வீண்.

பவர் சப்ளை: கார்டு 180 வாட், செயலி அதிகபட்சம் 88, மற்றவை 60 என்று வைத்தால் 330 வாட்தான். 650 வாட்டே போதும். நாளைக்கு 300 வாட் கார்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால் 750 வாட், கோல்டு தரம், ஏடிஎக்ஸ் 3.1 வாங்குங்கள். பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் மாட்டவே கூடாது. பவர் சப்ளைப் பக்கத்து முள் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர், சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். கனெக்டர் பொருந்தும், எஸ்எஸ்டி எரிந்துபோகும். சுவரிலிருந்து எடுக்கும் நீட்சி சாக்கெட்டில் சேஃப்டி மார்க் முத்திரை இருக்கட்டும்.

குளிர்விப்பில் நம் ஊர்ச் சூட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். குளிரூட்டி இல்லாத வீவக அடுக்குமாடி வீட்டு அறையில் 30 டிகிரி சாதாரணம். வெளிநாட்டு மதிப்புரைகள் 20 சொச்ச டிகிரியில் அளந்தவை, ஆகவே உங்கள் எண்கள் கூடவே நிற்கும். முன்பக்கம் கண்ணாடி போட்ட கேஸை விட்டுவிட்டு வலைமுகப்பு உள்ளதை எடுங்கள். முன்னால் இரண்டு விசிறி உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற வேண்டும். 88 வாட் செயலிக்கு நீர்க் குளிர்விப்பான் தேவையே இல்லை. இரவெல்லாம் பயிற்றுவிக்கும்போது என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையால் கார்டின் மின்வரம்பை 150 வாட்டை ஒட்டி இறக்குங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், சத்தமும் சூடும் நன்றாகவே அடங்கும். மறுதொடக்கம் செய்தால் பழைய வரம்பு திரும்பிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். சுவரில் 300 வாட் இழுக்கும் கணினி 10 மணி நேரத்தில் 3 யூனிட் எடுக்கும். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் 90 காசு.

வாங்கும்போது கடைக்காரர் தரும் ஒட்டுமொத்த விலையை ஏற்காமல் பாகம் பாகமாக, மாடல் பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். “650 வாட் பிஎஸ்யு”, “1 டிபி எஸ்எஸ்டி” என்று பெயரில்லாமல் எழுதிய வரிகளில்தான் மலிவுச் சரக்கு நுழையும். 9 விழுக்காடு பொருள், சேவை வரி விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டுத் தளத்தில் மலிவாகத் தெரிந்தாலும் அந்த வரி வந்து சேரும். கார்டிலும் பவர் சப்ளையிலும் உள்ளூர் விநியோகிப்பாளர் ஸ்டிக்கர் இருந்தால் பழுதை இங்கேயே பார்க்கலாம். இல்லையேல் கப்பல் செலவு உங்கள் தலையில் விழும்.

பொருத்தும்போது ரேம் குச்சிகளைச் செயலியிலிருந்து எண்ணி 2-ஆம், 4-ஆம் ஸ்லாட்டில் வையுங்கள். முதல் முறை இயக்கினால் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, பயந்து அணைத்துவிடாதீர்கள். பிறகு ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பைப் பயோஸில் இயக்குங்கள். இயக்காவிட்டால் 6000-க்குப் பணம் கொடுத்துவிட்டு 4800-இல் ஓட்டுவீர்கள்.

மென்பொருளில் மூன்று இடத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, 50 வரிசைக் கார்டுகளுக்குக் கூடா 12.8 கொண்டு கட்டிய பைடார்ச் வேண்டும், அதாவது 2.7 அல்லது அதற்குப் பிந்தையது. பாடக் கோப்பில் பழைய பதிப்பு குறிக்கப்பட்டிருந்தால் கார்டு பழுது என்று நினைக்க வைக்கும் பிழை வரும். இரண்டு, விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-இல் தனியாக என்விடியா டிரைவர் போடக்கூடாது, விண்டோஸ் டிரைவரே போதும். டபிள்யூஎஸ்எல் ரேமில் பாதியைத்தான் இயல்பாக எடுத்துக்கொள்ளும், அமைப்புக் கோப்பில் 24 ஜிபி என்று மாற்றுங்கள். தரவுக் கோப்புகளை சி டிரைவில் விடாமல் லினக்ஸ் கோப்புறைக்குள் வையுங்கள், படிக்கும் வேகம் பல மடங்கு கூடும். மூன்றாவதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. விண்டோஸில் கார்டு நினைவகம் நிரம்பினால் டிரைவர் ஓசையில்லாமல் ரேமுக்கு வழிய விடும். பிழை வராது, வேகம் மட்டும் அதலபாதாளத்துக்குப் போகும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் ‘சிஸ்மெம் ஃபால்பேக்’ கொள்கையை ‘வேண்டாம்’ என்று மாற்றினால் நினைவகம் தீர்ந்ததும் நேர்மையாகப் பிழை காட்டும். பேட்ச் அளவைக் குறைக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

கடையின் மாற்றிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓட்டுங்கள். அடுத்து ஒரு கேமை ஒரு மணி நேரம், ஒரு கியூலோரா பயிற்சியை இரண்டு மணி நேரம். ரேமில் பிழை வந்தால் முதலில் எக்ஸ்போவை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் வந்தால் பில்லோடு குச்சிகளைக் கடைக்கு எடுத்துப் போங்கள். ரேம் சுத்தமாக இருந்து பயிற்சி மட்டும் நடுவில் அறுந்தால் கார்டின் மின் இணைப்பைக் கழற்றி, கிளிப் பிடிக்கும் ஓசை கேட்கும்வரை மறுபடி செருகிப் பாருங்கள்.