மலையேற்றத்தில் கார் ஒரு கணம் திணறுவது ஏன்? த்ராட்டில் சென்சாரைச் சோதிப்பது எப்படி?

புளியரையிலிருந்து ஆரியங்காவு நோக்கி ஏறும்போது கார் ஒரு கணம் திணறித் தானே சரியாகிவிடுகிறது, பட்டறையில் பார்த்தால் குறையே தெரிவதில்லை என்பது கேள்வி.

த்ராட்டில் சென்சார் என்பது, இன்ஜினுக்குக் காற்று செல்லும் வழியிலுள்ள தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மின்னழுத்தமாக மாற்றிக் காரின் கணினிக்குச் சொல்லும் சிறு கருவி. பல கார்களில் தகடு மூடியிருக்கையில் சுமார் 0.5 வோல்ட்டும், முழுதும் திறந்தால் ஏறத்தாழ 4.5 வோல்ட்டும் வரும். பழைய மாடல்களில் ஒரு கரித்தடத்தின் மேல் தொடுமுனை உரசி நகர்வதால், ஆக்ஸிலரேட்டரில் கால் அதிகம் நிற்கும் நிலையில் தடம் தேய்ந்து, அந்த இடத்தைக் கடக்கும்போது மட்டும் தகவல் அறுந்துபோகிறது. பழைய ரேடியோவின் வால்யூம் திருகு ஒரே இடத்தில் கரகரப்பதும் இதே காரணத்தால்தான்.

இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, சென்சாரிலிருந்து கணினிக்குத் தகவல் கொண்டுசெல்லும் சிக்னல் ஒயரில் வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்துத் தகட்டை மிக மெதுவாகத் திறக்க வேண்டும். இதற்கு முள் மீட்டரே ஏற்றது. சாதாரண டிஜிட்டல் மீட்டர் நொடிப்பொழுது சரிவைத் தவறவிடக்கூடும். முள் ஓரிடத்தில் துள்ளினால் சென்சார் தேய்ந்திருக்கிறது. சீராக ஏறினால் ஒயரையும் கனெக்டரையும் ஆட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில் ஈரம் புகுந்து பின்களில் பச்சை பூத்திருப்பதுண்டு.

எச்சரிக்கை விளக்கு எரியாததால் சென்சார் நன்றாக இருக்கிறது என்று பலர் எண்ணுவது தவறு. கண நேரத் துண்டிப்பைக் கணினி பிழையாகப் பதிவுசெய்யாமலே விடலாம்.