‘ங’வில் தொடங்கும் ஆண் பெயர் உண்டா?

ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, புராணத்தோடும் நட்சத்திரத்தோடும் ஒட்டிய பெயர் வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜாதகம் பார்த்துச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இதே தேடலில் மூன்று மாதம் வீட்டாரிடம் திட்டு வாங்கியவன் என்ற தகுதி மட்டும் உண்டு.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் அரூர்ப் பக்கம். மகன் பிறந்தது 2020 ஜனவரி 10, விடியற்காலை ஐந்து மணிக்கு. அன்று மார்கழித் திருவாதிரை. “களி கிண்ட வேண்டிய நேரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவைத்துவிட்டான்” என்று அம்மா பொய்க்கோபம் காட்டினார். “சிவன் நாளில் பிறந்தவனுக்குப் பெயருக்கா பஞ்சம்?” என்றார் அப்பா.

பஞ்சம்தான் என்பது ஜோசியர் வீட்டுத் திண்ணையில் தெரிந்தது. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 பாதம். ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் எழுத்து. திருவாதிரைக்கு கு, க, ங, ச. மகன் பிறந்தது மூன்றாம் பாதம். அதாவது ‘ங’.

கைபேசியில் பெயர் தேடும் செயலியைத் திறந்து ‘ங’ என்று அழுத்தினேன். பூஜ்யம். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “ஔவையாருக்கே அந்த எழுத்தில் ‘ஙப்போல் வளை’ என்றுதான் எழுத முடிந்தது. நீ ஆளுக்குப் பெயர் தேடுகிறாயா?” என்றார். (அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய சங்ககால ஔவையாரும், ஆத்திசூடி பாடிய ஔவையாரும் வேறு வேறு. ஆனால் அதியமானின் தகடூரான தர்மபுரிக்காரர்கள் நாங்கள் இருவரையும் ஒருவராக்கிச் சொந்தம் கொண்டாடுவோம். கண்டுகொள்ளாதீர்கள்.)

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டுமல்ல. அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு ‘ண’ என்று போட்டிருக்கும். தமிழில் எந்தச் சொல்லும் அந்த எழுத்தில் தொடங்காது. காரணம் என்னவென்றால், இந்த எழுத்து அட்டவணைக்கு அவகஹடச் சக்கரம் என்று பெயர். அ, வ, க, ஹ, ட என்று எழுத்துகளை அடுக்கி, அ-இ-உ-எ-ஒ ஓசைகளோடு பெருக்கிக்கொண்டே போவார்கள். அப்படிப் பெருக்கியும் பாதங்களுக்கு எழுத்து போதவில்லை. அதனால் திருவாதிரை, அஸ்தம், பூராடம், உத்திரட்டாதி ஆகிய நான்கு நட்சத்திரங்களில் முதல் பாதத்தைத் தவிர மற்ற மூன்றுக்கும் ஒட்டுப்போட்டார்கள். வடமொழி ஒலிகளுக்காகத் தைத்த சட்டை அது. தமிழ் வாய்க்குச் சில இடங்களில் இறுக்கிப் பிடிக்கத்தான் செய்யும். ஆகவே உங்கள் குழந்தைக்கு வாயில் நுழையாத எழுத்து வந்தால் கலங்க வேண்டாம். எங்கள் ஜோசியரே, “நான்கில் எதில் தொடங்கினாலும் குற்றமில்லை” என்று இறங்கிவந்தார். க, கு, ச என்றால் கந்தன், குமரன், சங்கரன் எல்லாம் வரிசையில் நிற்கிறார்கள் அல்லவா?

இறங்கிவந்த பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கியது.

என் மனைவிக்கு ‘துருவ்’ பிடித்திருந்தது. மாற்றாந்தாய் சுருசி அப்பாவின் மடியிலிருந்து இறக்கிவிட, காட்டுக்குப் போய்த் தவமிருந்து, யாரும் அசைக்க முடியாத இடத்தை வாங்கிய சிறுவனின் கதை. புராணமும் நட்சத்திரமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம்தான். ஆனால் என் அம்மாவின் வாயில் அது ‘துருவு’ ஆனது. “துருவு எழுந்துவிட்டானா?” என்று அவர் கேட்க, அடுப்படியில் இருந்த சித்தி, “அரை மூடி போதுமா அக்கா?” என்று தேங்காயை எடுத்தார். துருவன் என்று நீட்டினாலும், சுருக்கினால் ‘துரு’.

இன்னொரு குறையும் இருந்தது. துருவ நட்சத்திரம் எந்த ஊரில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது அந்த ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. எங்களுக்கு 12 டிகிரி. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அது பத்து டிகிரி மறைக்கும். அதற்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு வடக்கே அந்த உயரத்தில் ஒரு புளியமரம் நிற்கிறது. பெயரை வைத்துவிட்டு, “உன் நட்சத்திரம் அதோ, மரத்துக்குப் பின்னால்” என்று காட்டுவதா?

மாமியார் வீடு ஓசூர். மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரரை நினைத்து, சந்திரசூடன் என்றார் அத்தை. பிறை சூடியவன், ‘ச’வில் தொடங்குகிறது, வானமும் இருக்கிறது, புராணமும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நம் ஆட்கள் யாரையும் முழுப்பெயரில் கூப்பிடுவதில்லை. முன்பாதியை விழுங்கினால் ‘சூடன்’. பள்ளிக்கூடத்தில் ஏற்றி அணைத்துவிடுவார்கள்.

அப்பா ஒரே பெயரில் நின்றார்: தீர்த்தகிரி. தீர்த்தமலை எங்கள் ஊர் மொட்டை மாடியிலிருந்து தெரியும். ராமர் அம்பு விட்டு வரவழைத்த நீர் என்று சொல்லப்படும் ராமதீர்த்தம் அங்கே பாறையிலிருந்து விழுகிறது. தீர்த்தகிரீஸ்வரர் பெயரை இந்தப் பக்கம் தலைமுறைதோறும் வைத்துவருகிறார்கள். அப்பாவின் அப்பா பெயரும் அதுதான். நல்ல பெயர் என்பதை மறுக்கவில்லை. எங்கள் தெருவில் ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள் என்றுதான் சொன்னேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் பாரதக் கூத்து நடத்தும் ஒரு வாத்தியார். அர்ச்சுனன் வேடம் கட்டி, தபசு மரத்தில் பலமுறை ஏறியவர். வேறு வேலையாக வீட்டுக்கு வந்தவரிடம் எழுத்துச் சிக்கலைச் சொன்னேன். “அர்ச்சுனனுக்குப் பல்குணன் என்று ஏன் பெயர் தெரியுமா தம்பி?” என்று கேட்டார். பல்குனி என்றால் உத்திரம். அந்த நட்சத்திரத்தில் பிறந்ததால் பல்குணன். கார்த்திகைப் பெண்கள் பாலூட்டி வளர்த்ததால் கார்த்திகேயன். விசாகத்தில் பிறந்ததால் முருகனுக்கு விசாகன். “அவர்களுக்கெல்லாம் நட்சத்திரமே பெயர். நீங்கள்தான் நட்சத்திரத்தை விட்டுவிட்டு அதன் எழுத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்” என்றார்.

பிறகு தேடிப் பார்த்தால் அது பழைய வழக்கம்தான். நட்சத்திரப் பெயரிலிருந்து ஆள்பெயர் ஆக்குவதற்குப் பாணினியின் இலக்கணத்தில் விதியே இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர்கள் சுவாதித் திருநாள், மூலம் திருநாள், சித்திரைத் திருநாள் என்றே அறியப்பட்டார்கள். ராஜேந்திர சோழன் பிறந்தது திருவாதிரை. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை கொண்டாடுகிறார்கள். சிவனுக்கே ஆதிரையான் என்ற பெயர் பழைய தமிழ் நூல்களில் உண்டு. ஆதிரை என்று மட்டும் வைத்தால் அது பெண் பெயர். மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சையிட்டவள் ஆதிரை. எங்களுக்கு ஆதிரன் போதும் என்று தோன்றியது. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். மாட்டுக்கொட்டகையிலிருந்து, “ஆதிரா!” என்று ஒரு முறை கூப்பிட்டார். குரல் தெருமுனைவரை போனது. தேறிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத் திருவாதிரை மங்கத் தொடங்கியிருந்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வானியலார் பீட்டல்ஜூஸ் என்று சொல்லும் நட்சத்திரம்தான் நம் திருவாதிரை. 2019 கடைசியில் அதன் ஒளி குறையத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. வெடிக்கப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. மகன் பிறந்த அன்று இரவே ஒரு புறநிழல் சந்திர கிரகணமும் சேர்ந்துகொண்டது. அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பிரதோஷத்துக்குத் தவறாமல் போக ஆரம்பித்தார்.

பிப்ரவரியில் ஓர் இரவு அவரை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். நேர் வரிசையில் மூன்று நட்சத்திரம். அவற்றுக்கு ஒரு பக்கம் வெள்ளையாக ரீஜெல், மறுபக்கம் சிவப்பாகத் திருவாதிரை. பழுத்து, சாம்பல் பூத்து, இழுக்க ஆளில்லாத பீடி நுனிபோல் இருந்தது. அந்த மூன்று நட்சத்திரமும் அம்பு, மான் உருவெடுத்து ஓடிய பிரஜாபதிமேல் ருத்திரன் எய்தது, கீழே பளீரென்று மின்னும் சிரியஸ்தான் அந்த வேடன் என்று வேதகாலக் கதையைச் சொன்னேன். (பிரஜாபதி ஏன் ஓடினார் என்பதைச் சொல்லவில்லை. அது தாயிடம் சொல்லும் கதையல்ல.) அம்மா நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “சளி பிடித்த குழந்தை மாதிரி இருக்கிறது. சரியாகிவிடும்” என்றார். ஏப்ரலுக்குள் சரியாகிவிட்டது. நட்சத்திரம் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்திருந்தது என்று பின்னால் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். சளி என்று அம்மா சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பெயர் வைக்கும் நாள் ஊரடங்கில் வந்தது. உறவு யாரும் இல்லை, வீட்டோடு முடிந்தது. எழுத்தை மீறியதாக இருக்க வேண்டாம் என்று, அப்பா முதலில் வலது காதில் மூன்று முறை சங்கரன் என்று சொன்னார். பிறகு ஆதிரன். அதற்குப் பிறகும் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். என்னவென்று நாங்கள் கேட்கவில்லை.

அவசரப்பட வேண்டாம் என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் சொல்கிறேன். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். ஆனால் பெயரை அப்போதே எழுதியாக வேண்டும் என்பதில்லை. பெயர் இல்லாமலே சான்றிதழ் வாங்கிக்கொண்டு, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். ஒருமுறை சேர்த்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. ஆகவே ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதி, நாலு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ‘த’வுக்கு எந்த எழுத்து போடுவது என்பதில் எங்கள் வீட்டில் தனிப் பஞ்சாயத்தே நடந்தது.

உங்கள் குழந்தையின் நட்சத்திரத்தை நீங்கள் சொல்லவில்லை. ரோகிணி என்றால் கண்ணன் இருக்கிறான், யோசிக்கவே வேண்டாம். நட்சத்திரப் பெயர் நேரடியாக ஆண் பெயராக வராவிட்டால் அதன் தேவதையைப் பாருங்கள். அஸ்தத்துக்குச் சூரியன்: கதிரவன், ஆதவன். சுவாதிக்கு வாயு: அனுமனும் பீமனும் அவன் பிள்ளைகள். அவிட்டத்துக்கு எட்டு வசுக்கள். பீஷ்மர் அவர்களில் ஒருவர். பிறந்த நட்சத்திரம் எதுவானாலும் பரவாயில்லை என்பவர் என்றால், எனக்கு இன்றும் வைக்காமல் விட்டோமே என்று இருக்கும் பெயர் அகத்தியன். அந்தப் பெயரில் ஒரு நட்சத்திரம் பிப்ரவரி, மார்ச் மாலைகளில் தெற்கே தாழ்வாக நிற்கும். இரவு வானத்து நட்சத்திரங்களில் சிரியஸுக்கு அடுத்தபடியாக அதுதான் பிரகாசம். சிவன் கல்யாணத்துக்குக் கூட்டம் சேர்ந்து பூமி சாய்ந்தபோது, சமன் செய்யத் தென்திசைக்கு அனுப்பப்பட்ட மனிதர், தென்வானத்திலேயே நிற்கிறார். எங்கள் வீட்டுத் தெற்கில் புளியமரமும் இல்லை.

மகனுக்கு இப்போது தன் நட்சத்திரம் எது என்று தெரியும். போன மார்கழியில் மாடியில் படுத்துக்கொண்டு, அது ஒரு நாள் வெடித்துவிடுமாமே, அப்போது என் பெயர் என்ன ஆகும் என்று கேட்டான். அதற்கு இன்னும் ஒரு லட்சம் வருடம்கூட ஆகலாம் என்று நான் தொடங்குவதற்குள், பக்கத்துக் கட்டிலில் இருந்த அப்பா முந்திக்கொண்டார்.

“அதனால் என்னடா? அப்போது தீர்த்தகிரி என்று வைத்துக்கொள்.”