பராகுவே ஏன் இன்னும் சீனாவை விட்டுத் தைவானை அங்கீகரிக்கிறது?

இந்த உறவு 1957-ல் தொடங்கியது. அப்போது பராகுவேயை ஆண்ட ஸ்ட்ரோஸ்னரும் தைவானின் சியாங் கை ஷேக்கும் தீவிர கம்யூனிச எதிர்ப்பாளர்கள், அடித்தளமே அதுதான். இன்று தென் அமெரிக்காவில் தைவானை அங்கீகரிக்கும் ஒரே நாடு பராகுவே.

சரி, லாபம்? முக்கியமாக மாட்டிறைச்சி. தைவான் சுங்கவரி இல்லாமல் வாங்குகிறது, அப்புறம் கல்வி உதவித்தொகை, வீட்டுவசதித் திட்டங்களுக்குப் பணம்.

ஆனால் இந்த உறவால் பராகுவேக்குச் சீனச் சந்தை மூடியே கிடக்கிறது. பக்கத்திலிருக்கும் பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே எல்லாம் அங்கே இறைச்சியும் சோயாவும் விற்றுத் தள்ளும்போது பராகுவே விவசாயிகளுக்கு ஆதங்கம் வராமல் இருக்குமா, அது நியாயமானதுதான். 2023 அதிபர் தேர்தலிலும் இது பெரிய விவாதமானது, தைவான் உறவு தொடரும் என்ற சாண்டியாகோ பெனியா வென்றார். இத்தனைக்கும் பராகுவே கடைகளில் சீனப் பொருட்கள் தாராளமாக விற்கின்றன.