ஈறில் ரத்தம், தானாக நின்ற வலி, பல் கூச்சம்: வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவர்களின் பதில்கள்

கேள்வி: பல் துலக்கும்போது ஒரு பக்கம் ஈறில் ரத்தம் கசிகிறது. அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன். கிளீனிங் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: ரத்தம் வரும் இடத்தில்தான் பிரஷ் பட்டாக வேண்டும். பல்லும் ஈறும் சேரும் விளிம்பை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வருவது கிருமிப் படலம். அதோடு போராடத்தான் ஈறு சிவந்து வீங்கி, லேசாகத் தொட்டாலும் கசிகிறது. அங்கே துலக்காமல் விட்டால் படலம் இன்னும் தடிக்கும். ஒழுங்காகத் துலக்கத் தொடங்கினால் முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும், நிறுத்திவிடாதீர்கள். ஈறு அழற்சி ஆரம்பக் கட்டத்தில் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும்.

மென்மையான பிரஷை ஈறு விளிம்பை நோக்கி 45 டிகிரி சாய்த்து வையுங்கள். இழைகளில் பாதி ஈறின் மேலும் பாதி பல்லின் மேலும் இருக்கட்டும். இரண்டு மூன்று பற்களாக எடுத்துக்கொண்டு, இடத்தை விட்டு நகராமல் சின்னச் சின்னதாக அசைத்து, பிறகு அடுத்த பற்களுக்குப் போங்கள். முழு வாய்க்கும் 2 நிமிடம் வேண்டும். கீழ் முன்பற்களின் உள்பக்கத்துக்கு பிரஷை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். நாக்குக்கு அடியில் உமிழ்நீர் சுரந்து வரும் இடம் அருகிலேயே இருப்பதால் காரை (படலம் கெட்டிப்பட்டு உண்டாவது) முதலில் படிவது பெரும்பாலும் அங்கேதான். பல் இடுக்குக்குள் பிரஷ் போகாது. இரவில் ஒரு முறை ஃப்ளாஸ் நூலைப் பல்லைச் சுற்றி வளைத்து, ஈறுக்குச் சற்றுக் கீழே வரை இறக்கி ஏற்றுங்கள். இடுக்கு அகலமாக இருந்தால் நூலைவிட இடுக்கு பிரஷ் நல்லது. அது இறுக்கித் திணிக்காமல் நுழைய வேண்டும், ஆனால் இரண்டு பக்கமும் உரச வேண்டும்.

இனி கிளீனிங். படலம் கெட்டிப்பட்டுக் காரையாகிவிட்டால் எந்த பிரஷும் அதை எடுக்காது. மருத்துவர்தான் எடுக்க வேண்டும். கிளீனிங்குக்குப் பிறகு பல் ஆடுவது போலத் தெரிவதற்குக் காரணம் உண்டு. எலும்பு கரைந்துபோன பற்களைக் காரை சிமென்ட் பூசியது போல ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும், ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வடிவதால் இடைவெளியும் தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கும். காரையை விட்டுவைத்தால்தான் எலும்பு மேலும் கரையும். கரைந்த எலும்பு தானாக வளராது. மருத்துவரிடம் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள பள்ளத்தின் ஆழத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை பயமில்லை. 4-க்கு மேல் போய் ரத்தமும் கசிந்தால், ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

புகைப்பவர்கள் ‘எனக்கு ரத்தமே வருவதில்லை’ என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. புகை ஈறின் ரத்தக் கசிவைக் குறைத்து நோயை மறைத்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் எளிதில் கட்டுக்குள் வராது.

கேள்வி: கடைவாய்ப் பல் ஒரு வாரம் ராத்திரியெல்லாம் தூங்கவிடாமல் வலித்தது. பிறகு வலி அடியோடு நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது. குளிர்ந்தது பட்டு நொடியில் போகும் கூச்சம் வேறு. படுத்தால் கூடுவதும், எதுவும் படாமலே தெறிப்பதும், நிமிடக் கணக்கில் நீடிப்பதும் பல்லுக்குள் இருக்கும் நரம்புத் திசு மீள முடியாத அளவுக்கு வீங்கிவிட்டதன் அடையாளம். அந்தத் திசு செத்ததும் வலி நிற்கும்; கிருமி நிற்காது. அது வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். ஈறில் சின்னக் கொப்புளம் வந்து வந்து உடைவது இதனால்தான்.

ஆன்டிபயாடிக் மாத்திரையால் மட்டும் இது தீராது. செத்த திசுவுக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து எப்படிப் போய்ச் சேரும்? எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து வேர் சிகிச்சை (உள்ளே செத்த திசுவை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது) செய்ய வேண்டும், இல்லையென்றால் பல்லை எடுக்க வேண்டும். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கேப் போடச் சொல்வார்கள். தள்ளிப்போடாதீர்கள். உள்ளே குடைந்த பல் மெல்லும் அழுத்தத்தில் நெடுக்காகப் பிளந்தால் பிறகு எடுப்பதைத் தவிர வழியில்லை. வலிக்கிற இடத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கி வைக்கும் பழக்கம் வேண்டாம், ஈறு வெந்துவிடும். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவும் விழுங்கவும் சிரமமாக இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: குளிர்ந்த தண்ணீர் குடித்தால் பல் கூசுகிறது. ஈறை ஒட்டி, நகம் மாட்டுகிற மாதிரி பள்ளமும் விழுந்திருக்கிறது. அழுத்தித் தேய்த்துத்தான் பழக்கம்.

பதில்: அந்தப் பழக்கம் பள்ளத்துக்கு ஒரு முக்கியமான காரணம். ஈறு இறங்கிய இடத்தில் எனாமல் கிடையாது. நரம்பை நோக்கிப் போகும் நுண்குழாய்கள் திறந்து கிடக்கும். பிரஷை விரல் நுனிகளால் மட்டும் பிடித்துப் பாருங்கள், அழுத்தம் தானாகக் குறையும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பேஸ்ட்டைத் தினமும் இரண்டு வேளை பயன்படுத்துங்கள். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். மூன்றே நாளில் கைவிட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். புளிப்பான பானம் குடித்தாலோ வாந்தி எடுத்தாலோ உடனே துலக்காதீர்கள். அமிலம் இளக்கிய எனாமல் அப்போது எளிதில் தேயும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். ஒரே ஒரு பல் மட்டும், கடித்து விடும் கணத்தில் சுரீரென்றால் அது விரிசலாக இருக்கலாம். அதற்குப் பேஸ்ட் உதவாது.

கேள்வி: இரவில் துலக்குவதற்குப் பதில் மவுத்வாஷ் போதுமா?

பதில்: போதாது. ஒட்டிய படலம் உரசினால்தான் போகும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷை மருத்துவர் சொல்லாமல் 2 வாரத்துக்கு மேல் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசியும் மாறும். இரவில் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டால் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டுத் தண்ணீரால் கொப்பளிக்காமல் படுத்துவிடுங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவு என்பதால் பல்லில் தங்கிய ஃப்ளோரைடு அப்போதுதான் நன்றாக உதவும்.

கேள்வி: அடிபட்டுப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால் திரும்ப வைக்க முடியுமா?

பதில்: நிலையான பல் என்றால் முடியும், பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது. வெள்ளையான மேல்பகுதியை மட்டும் பிடித்துத் தூக்குங்கள், வேரைத் தொடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பால் அல்லது ஓடும் குளிர்ந்த தண்ணீரில் சில நொடி காட்டினால் போதும், தேய்க்கக் கூடாது. வேரின் மேல் இருக்கும் மெல்லிய திசு உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடி பிடிக்கும். முடிந்தால் அப்போதே குழிக்குள் சரியான பக்கமாகப் பொருத்தி, சுத்தமான துணியைக் கடித்துக்கொண்டு கிளம்புங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். தண்ணீரில் ஊறப்போட்டாலோ கைக்குட்டையில் சுற்றி வைத்தாலோ அந்தத் திசு செத்துவிடும். அரை மணி நேரத்துக்குள் குழிக்குள் வைத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். வெளியே காய்ந்து ஒரு மணி நேரம் தாண்டினால் மிகவும் குறைவு.